இந்த முகவரி உங்களுடையதா?

“மெயில் எல்லாம் வருதுங்க. அனுப்பினாத்தான் போகமாட்டேங்குது.”

திருப்பூர், கோவை வட்டாரத்துச் சிறு நிறுவனங்களின் மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். அதில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது. இதைச் சொல்பவர் தன்னை அறியாமலே கோளாறின் பாதியைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறார். வந்த மெயிலைப் படிப்பது ஒரு வழி, அனுப்புவது முற்றிலும் வேறு வழி. படிப்பதற்கு ஐமேப், பெரும்பாலும் 993 ஆம் போர்ட். அனுப்புவதற்கு எஸ்எம்டிபி, 587 அல்லது 465 ஆம் போர்ட். பிரவுசரில் நாம் திறக்கும் வெப்மெயில் இந்த இரண்டில் எதுவும் இல்லை. நம் பெயரையும் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டு, நம் சார்பில் இரண்டு இடத்திலும் போய்ப் பேசுகிற மூன்றாவது மென்பொருள் அது. படிக்கும் வழி நன்றாக இருந்து அனுப்பும் வழி மட்டும் அடைபட்டால், வெப்மெயில் தன்னை யார் என்று சொல்லிக்கொண்டது, சர்வர் அதை ஏன் ஏற்கவில்லை என்ற கேள்வியிலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

நான் பார்த்துக்கொள்ளும் இடங்களில் பெரும்பாலும் மூன்று மென்பொருள்கள் கூட்டாக இயங்கும். வியட்சே வெனிமா ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது எழுதி 1998 இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை அனுப்பவும் வாங்கவும் செய்யும். ஃபின்லாந்துக்காரர் டிமோ சிரைனன் 2002 இல் வெளியிட்ட டவ்காட், மெயில்பெட்டிகளைக் காத்துப் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும். சுவிட்சர்லாந்தின் தாமஸ் ப்ரூடர்லி 2005 இல் தொடங்கிய ரவுண்ட்கியூப்தான் வெப்மெயில். மூன்றும் இலவசம், மூன்றும் உறுதியானவை. ஆனால் மூன்று வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் எழுதியவை. ஒரே மனிதரை மூன்றும் ஒரே பெயரில் அறிந்திருக்கும்படி செய்வது அந்த சர்வரை அமைப்பவரின் பொறுப்பு. கோளாறுகளில் பெரும்பங்கு அந்தப் பெயர்ப் பொருத்தத்தில்தான் வருகிறது.

ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வேறொருவர் பல ஆண்டுகள் பராமரித்த பழைய சர்வரை விட்டு, புதிய சர்வருக்கு அவர்கள் மாறினார்கள். புதியதில், உள்நுழைந்தவர் தன் முகவரியிலிருந்து மட்டுமே அனுப்ப முடியும் என்ற விதியைப் போட்டிருந்தேன். மாறிய உடனே அக்கவுன்ட்ஸ் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. ஜெர்மனியில் உள்ள பையருக்கு இன்வாய்ஸ் போகவில்லை. திரையில் எஸ்எம்டிபி எரர் 553 என்றும், பெறுநரைச் சேர்க்க முடியவில்லை என்றும், அதன் பக்கத்திலேயே அந்தப் பையரின் முகவரியும் இருந்தன. அழைத்த அம்மணி நான் போய்ச் சேர்வதற்குள் ஜெர்மனிக்கே போன் செய்து, “உங்க ஐடி மாறிருச்சுங்களா?” என்று கேட்டுவிட்டார். அவர் மேல் குற்றமே இல்லை. திரை அப்படித்தான் சொன்னது.

இந்த இடத்தில் ஏமாறாதவர் குறைவு. போஸ்ட்ஃபிக்ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. அனுப்புநர் முகவரி பிடிக்கவில்லை என்றால் உடனே மறுக்காது. பெறுநர் முகவரியும் வரட்டும் என்று காத்திருந்து, அதன் பிறகுதான் மறுக்கும். யாரிடமிருந்து யாருக்குப் போகவிருந்த மெயில் மறுக்கப்பட்டது என்பது லாகில் முழுமையாகப் பதிய வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நிர்வாகிக்கு இது பெரிய வசதி. ஆனால் ரவுண்ட்கியூப், தான் பெறுநரைச் சொன்னபோது மறுப்பு வந்ததால் பெறுநரிடம்தான் குறை என்று எழுதிவிடுகிறது. அதே செய்தியின் கடைசியில், பலர் படிக்காமல் விடும் இடத்தில், உண்மைக் காரணம் இருக்கிறது: ‘சென்டர் அட்ரஸ் ரிஜெக்டட்: நாட் ஓன்ட் பை யூசர்’. அதாவது, உள்ளே வந்திருக்கும் இந்தப் பயனருக்கு இந்த அனுப்புநர் முகவரி சொந்தமில்லை. ஜெர்மனிக்காரருக்கு இதில் பங்கே கிடையாது.

அந்த நிறுவனத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் கூடவே நின்றார். கெட்டிக்காரர். “அண்ணா, அந்த ஒரு வரியை எடுத்துட்டா போயிருமுங்களே. ஷிப்மென்ட் நிக்குது” என்றார். போய்விடும் என்பது உண்மை. நான் எடுக்கவில்லை. “பத்து நிமிஷம் கொடுங்க தம்பி, சர்வர் சொல்றது சரியா தப்பான்னு பார்த்துட்டு எடுப்போம்” என்றேன். சர்வர் சொன்னது முற்றிலும் சரியாக இருந்தது. அந்த அம்மணி உள்நுழைந்தது தன் சொந்தப் பெயரில். அனுப்பியது அக்கவுன்ட்ஸ் என்ற பொது முகவரியிலிருந்து. இவர் அந்தப் பொது முகவரியைப் பயன்படுத்தலாம் என்று சர்வருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பழைய சர்வர் கேள்வி கேட்கவில்லை என்பதால், அப்படி ஒரு பட்டியல் வேண்டும் என்றே அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இந்தக் கேள்வி எஸ்எம்டிபிக்குப் பிறவியில் வந்ததில்லை. ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 821 ஐ எழுதியபோது, இணைந்திருந்த கணினிகள் கொஞ்சம், அவற்றை நடத்தியவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். அனுப்புநர் என்று யார் பெயரைச் சொன்னாலும் சர்வர் நம்பும். பயனர்கள் அனுப்புவதற்கென்று 587 ஆம் போர்ட்டைத் தனியே ஒதுக்கியது 1998 டிசம்பரில். பாஸ்வேர்டு கொடுத்து உள்நுழையும் முறை ஆர்எஃப்சி 2554 ஆக வந்தது 1999 மார்ச்சில். அந்த முறையும்கூட, உள்ளே வந்தவர் யார் என்பதைத்தான் நிரூபிக்கிறது. உள்ளே வந்தவர் எந்த முகவரியைப் போட்டு அனுப்பலாம் என்பது அதன் வேலை இல்லை. அந்த இணைப்பைப் போஸ்ட்ஃபிக்ஸில் நாம்தான் ஒரு அட்டவணையாக எழுத வேண்டும். சென்டர் லாகின் மேப்ஸ் என்பது அதன் பெயர். இடப்பக்கம் முகவரி, வலப்பக்கம் அதைப் பயன்படுத்தும் உரிமை உள்ள பயனர்கள். ஒரு முகவரிக்குப் பல பேரைக் காற்புள்ளி போட்டு எழுதலாம். எழுதி, பொருந்தாத அனுப்புநரை மறுக்கும் விதியையும் சேர்த்தால்தான் காவல் முழுமையாகும். இதைச் செய்யாத சர்வரில், பேக்கிங் பிரிவில் இருக்கும் ஒருவர் தன் பாஸ்வேர்டில் நுழைந்து, நிர்வாக இயக்குநரின் முகவரியில் மெயில் அனுப்பலாம். அதில் போலி என்று சொல்வதற்கு எந்தத் தடயமும் இருக்காது, ஏனென்றால் அது உண்மையான சர்வரிலிருந்தே போகிறது.

அக்கவுன்ட்ஸ் முகவரியை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று அந்த அம்மணியிடமே கேட்டு எழுதினேன். அவர் சொன்ன பட்டியலில், வேலையை விட்டுப் போன ஒருவரின் பெயரும் இருந்தது. அவருடைய பெட்டி இன்னும் திறந்தே இருந்தது. அதை மூடினோம். மறுப்பு வந்ததால்தான் அது தெரியவந்தது. போஸ்ட்மேப் கட்டளையால் அந்த முகவரியைக் கொடுத்து, யார் பெயர்கள் திரும்பி வருகின்றன என்று பார்த்துவிட்டு, பிறகு வெப்மெயிலில் அனுப்பச் சொன்னேன். இன்வாய்ஸ் போயிற்று. விதி அப்படியே இருக்கிறது.

இனி எண்களைப் பற்றி. ரவுண்ட்கியூப் காட்டும் ‘ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’ என்ற ஒரே செய்தியில் சில வேளை 220 என்று இருக்கும், சில வேளை 250, சில வேளை 535. 220, 250 இரண்டும் எஸ்எம்டிபியில் வெற்றிக்கான எண்கள். தோல்விச் செய்தியில் அவை வருவதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். சர்வர் கடைசியாகச் சொன்ன பதில் எதுவோ அதன் எண்ணை வெப்மெயில் காட்டுகிறது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டால் அந்த எண்ணே வழிகாட்டும்.

220 என்றால், சங்கேதப் பாதுகாப்பைத் தொடங்கத் தயார் என்று சர்வர் சொல்லியிருக்கிறது, அதற்கு அடுத்த அடியில் பேச்சு முறிந்திருக்கிறது. நான் பார்த்தவரை இது பெரும்பாலும் சான்றிதழ்ப் பிரச்சினை. ரவுண்ட்கியூப் அமைப்பில் சர்வரின் பெயர் லோக்கல்ஹோஸ்ட் என்று இருக்கும். சான்றிதழிலோ நிறுவனத்தின் உண்மையான மெயில் டொமைன் இருக்கும். 2014 இல் வந்த பிஎச்பி 5.6 முதல், இந்த இரண்டு பெயரும் பொருந்துகிறதா என்று தானாகவே சோதிக்கப்படுகிறது. பொருந்தவில்லை என்றால் இணைப்பு அறுந்துவிடும். சோதனையையே அணைத்துவிடச் சொல்லும் யோசனைகள் எளிதாகக் கிடைக்கும். நான் அதற்கு உடன்படுவதில்லை. இன்று வெப்மெயிலும் சர்வரும் ஒரே இயந்திரத்தில் இருக்கலாம். நாளை யாரோ வெப்மெயிலை வேறு இயந்திரத்துக்கு மாற்றும்போது, அணைத்த அந்த வரியும் சேர்ந்தே போகும். அப்புறம் அத்தனை பேரின் பாஸ்வேர்டும், எதிரில் இருப்பது யார் என்று பாராமலே கொடுக்கப்படும். லோக்கல்ஹோஸ்ட் என்பதற்குப் பதில் சான்றிதழில் உள்ள பெயரை எழுதினால் தீர்ந்தது.

250 என்றால், சர்வர் வணக்கம் சொல்லித் தன்னிடமுள்ள வசதிகளைப் பட்டியலிட்டுவிட்டது, அந்தப் பட்டியலில் உள்நுழையும் வசதி மட்டும் இல்லை. 25 ஆம் போர்ட்டுக்குப் போயிருக்கலாம், அங்கே உள்நுழைவைத் திறந்திருக்க மாட்டோம். அல்லது சங்கேதம் இல்லாமல் போயிருக்கலாம். சங்கேதம் தொடங்கிய பிறகே பாஸ்வேர்டு கேட்கும்படி அமைப்பது நல்ல வழக்கம். வெப்மெயிலை 587 இல் டிஎல்எஸ் என்ற சங்கேதத்துடன் பேசச் சொல்ல வேண்டும்.

535 தான் உண்மையில் பெயரோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை என்பதற்கான எண். ஆனால் வெப்மெயிலுக்குள் நுழைந்து மெயிலைப் படித்துக்கொண்டிருப்பவருக்கு, அனுப்பும்போது மட்டும் பாஸ்வேர்டு எப்படித் தவறாகும்? இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு கல்லூரி சர்வரில் இதற்கு விடை, அமைப்புக் கோப்பில் இருந்தது. முன்பு இருந்த யாரோ, எல்லாருடைய மெயிலும் ஒரே பொதுக் கணக்கின் பெயரிலும் பாஸ்வேர்டிலும் போகும்படி எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றியதும் கல்லூரி முழுவதும் நின்றது. புதிய பாஸ்வேர்டை அதே இடத்தில் எழுதிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அப்படிச் செய்தால் லாகில் எல்லா மெயிலும் ஒரே ஆள் அனுப்பியதாகவே பதியும். ஒவ்வொருவரும் தன் பெயரிலேயே உள்நுழையும்படி மாற்றினோம்.

போஸ்ட்ஃபிக்ஸ் பாஸ்வேர்டைத் தானே சரிபார்ப்பதில்லை, டவ்காட்டிடம்தான் கேட்கிறது. இருவரும் பேசுவது ஒரு சாக்கெட் கோப்பு வழியாக. அந்தக் கோப்பு இல்லையென்றாலும், அதைத் திறக்கும் அனுமதி போஸ்ட்ஃபிக்ஸுக்கு இல்லையென்றாலும் அனுப்புவது மொத்தமாக நின்றுவிடும், படிப்பது மட்டும் நடக்கும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 இல் டவ்காட் 2.4 இருக்கிறது. அதற்கு முந்தைய 2.3 இன் அமைப்புக் கோப்பை அது ஏற்காது. மேம்படுத்தும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தத் தொழிலில் நான் மிகவும் அஞ்சுவது, எந்தப் பிழையும் காட்டாத கோளாறு. 127.0.0.1 என்ற முகவரியிலிருந்து வருவதை எல்லாம் நம்பு என்று சர்வருக்குச் சொல்லியிருப்பார்கள். தன் இயந்திரத்துக்குள்ளிருந்தே வரும் இணைப்பு அது. இயந்திரத்துக்குள் ஓடும் சிறுசிறு நிரல்கள் அறிக்கை அனுப்புவதற்கு அந்த நம்பிக்கை தேவைதான். ஆனால் வெப்மெயிலும் அதே இயந்திரத்தில் இருக்கும்போது, உலகின் எந்த மூலையிலிருந்து யார் அதில் நுழைந்து எழுதினாலும், சர்வரின் கண்ணுக்கு அது 127.0.0.1 தான். கேள்வியில்லாமல் போகும். மேலே சொன்ன அட்டவணையை எவ்வளவு கவனமாக எழுதியிருந்தாலும், நம்பிக்கை விதி அதற்கு முந்திய வரியில் இருந்தால் அட்டவணையை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் விதிகளை இடமிருந்து வலமாகப் படிக்கும். முதலில் பொருந்தி அனுமதித்த விதியோடு அந்தப் பட்டியலைப் படிப்பதை நிறுத்திவிடும்.

ஒருமுறை ஒரு நிறுவனத்தின் ஐபி முகவரி தடைப்பட்டியல்களில் ஏறிவிட்டது என்று அழைத்தார்கள். வரிசையில் ஆயிரக்கணக்கில் குப்பை மெயில் நின்றது. லாகைத் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் லோக்கல்ஹோஸ்ட் என்று மட்டும் இருக்கிறது, பயனர் பெயர் எங்குமே இல்லை. யாரோ ஒருவரின் பாஸ்வேர்டு திருடுபோய் வெப்மெயில் வழியாக அனுப்புகிறார்கள் என்பது தெரிகிறது. யாருடையது என்பது தெரியவில்லை. வெப் சர்வரின் லாகையும் மெயில் லாகையும் பக்கத்தில் வைத்து, நொடிக்கு நொடி நேரத்தைப் பொருத்தித்தான் அந்தப் பெட்டியைக் கண்டுபிடிக்க முடிந்தது. வெப்மெயில் 587 இல் உள்நுழைந்து அனுப்பியிருந்தால் ஒவ்வொரு வரியிலும் பயனர் பெயர் தானாக இருந்திருக்கும். ஒரே தேடலில் முடிகிற வேலை அது.

இந்த நிலைக்கு அந்த நிர்வாகிகளை மட்டும் குறை சொல்ல முடியாது. ரவுண்ட்கியூப் 1.3 வரைக்கும், எஸ்எம்டிபி சர்வரின் பெயரை எழுதாமல் விட்டால், பிஎச்பியின் மெயில் செயல்பாடு வழியாக மெயில் போய்விடும். உள்நுழைவும் இல்லை, அனுப்புநர் சோதனையும் இல்லை. 2019 நவம்பரில் வந்த 1.4 இல் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். 587 ஆம் போர்ட், பயனரின் சொந்தப் பெயர், சொந்தப் பாஸ்வேர்டு என்பதே இயல்பான அமைப்பாயிற்று. அந்த மேம்படுத்தலுக்குப் பிறகு ‘புது வெர்ஷன் சரியில்லைங்க, அனுப்பவே மாட்டேங்குது’ என்று சொன்னவர்கள் உண்டு. புதிய வெர்ஷன் சரியாகத்தான் இருந்தது. முதல் முறையாக அது பாஸ்வேர்டு கொடுக்கப் போய் நின்றது, சர்வர் பக்கம் அதை வாங்க யாரும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. அந்த ஆண்டுகளில் பழைய அமைப்புக்கே திரும்பிப் போனவர்களுக்கு நான் சொன்னது இதுதான்: இவ்வளவு நாள் எதுவும் கேட்காமல் போனதுதான் கோளாறு, இப்போது நிற்பது அதன் மருந்து.

வெப்மெயிலின் பக்கத்தில் பார்க்க வேண்டியது ஐடென்டிட்டி என்ற பகுதி. புதிதாக ஒருவர் முதல்முறை நுழையும்போது, அவருடைய அனுப்புநர் முகவரியை ரவுண்ட்கியூப் தானாக உருவாக்கித் தன் தரவுத்தளத்தில் எழுதிவைக்கும். டொமைன் என்னவென்று அமைப்பில் சொல்லாமல், பயனரும் குமார் என்று குட்டிப் பெயரில் நுழைந்தால், முகவரி ‘குமார் அட் லோக்கல்ஹோஸ்ட்’ என்று ஆகிவிடும். அந்த முகவரி யாருக்கும் சொந்தமில்லை, சர்வர் மறுக்கும். பிறகு டொமைனைச் சரியாக எழுதினாலும் பழைய பயனர்களுக்குக் கோளாறு தீராது, ஏனென்றால் அவர்கள் முகவரி ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. அதைத் தனியே திருத்த வேண்டும். புதிய ஆட்களுக்கு வேலை செய்கிறது, பழையவர்களுக்குச் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் நான் நேரே ரவுண்ட்கியூபின் தரவுத்தளத்துக்குத்தான் போவேன். குட்டிப் பெயரால் இன்னொரு தொல்லையும் உண்டு. டவ்காட் ‘குமார்’ என்று அறிமுகப்படுத்தும், சர்வர் அட்டவணையில் முழு முகவரி இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று போஸ்ட்ஃபிக்ஸ் ஊகிக்காது, ஊகிக்கவும் கூடாது. எல்லா இடத்திலும் முழு முகவரியையே பயனர் பெயராக வைப்பது என் வழக்கம்.

அதே பகுதியில், பயனர் தன் அனுப்புநர் முகவரியை என்னவாக வேண்டுமானாலும் மாற்றி எழுத ரவுண்ட்கியூப் இயல்பாக அனுமதிக்கிறது. இதற்கு ஐந்து நிலைகள் வைத்திருக்கிறார்கள். முதல் நிலையில் எல்லாவற்றையும் மாற்றலாம், கடைசி நிலையில் கையொப்ப வரிகளை மட்டும் மாற்றலாம். சிறு நிறுவனங்களில் முகவரியை மாற்ற முடியாத நிலையை வைப்பது நல்லது. ஆனால் அதையே காவல் என்று எண்ணிவிடக் கூடாது. போனிலிருந்தோ அவுட்லுக்கிலிருந்தோ அனுப்புபவரை அது கட்டுப்படுத்தாது. காவல் சர்வரில்தான் இருக்க வேண்டும்.

அங்கேயும் ஒரு வரம்பு இருக்கிறது. மெயிலில் அனுப்புநர் பெயர் இரண்டு இடத்தில் வரும், தபாலில் உறையின் மேலும் உள்ளே கடிதத்தின் தலைப்பிலும் வருவதுபோல. சர்வர்கள் தமக்குள் பேசும்போது சொல்வது உறை முகவரி. படிப்பவர் கண்ணுக்குத் தெரிவது கடிதத்தில் உள்ள ‘ஃப்ரம்’ வரி. போஸ்ட்ஃபிக்ஸின் அட்டவணை உறை முகவரியை மட்டுமே சோதிக்கிறது. ரவுண்ட்கியூப் சாதாரணமாக இரண்டிலும் ஒரே முகவரியைப் போடுவதால் வெப்மெயிலில் இது சிக்கலாவதில்லை. வேறு நிரலில் ஒருவர் உறையில் தன் முகவரியையும் கடிதத்தில் முதலாளியின் முகவரியையும் போட்டால் அட்டவணை அதைப் பிடிக்காது. அதற்கு மில்டர் என்ற துணை நிரல் ஒன்றைச் சேர்த்து ‘ஃப்ரம்’ வரியையும் ஒப்பிட வேண்டும். பணப் பரிமாற்றம் பேசும் அலுவலகங்களில் இந்தக் கூடுதல் உழைப்பைத் தவிர்க்கக் கூடாது என்பது என் எண்ணம்.

சர்வரைத் தாண்டிய பிறகு மறுமுனையும் கேள்வி கேட்கிறது. எந்த ஐபி முகவரிகள் இந்த டொமைன் சார்பில் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப். மெயிலில் இலக்கக் கையொப்பம் இடுவது டிகிம். இவற்றில் ஒன்றாவது ‘ஃப்ரம்’ வரியின் டொமைனோடு பொருந்தித் தேற வேண்டும், இல்லையென்றால் என்ன செய்யலாம் என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும், தம் பயனர்களுக்கு மொத்தமாக அனுப்புவோர் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கின. நாளொன்றுக்கு 5000 மெயில் என்பது கூகுள் வைத்த அளவு. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் வேண்டும்.

இதிலும் வெப்மெயிலுக்கே உரிய ஒரு கோளாறு உண்டு. போனிலிருந்து அனுப்பினால் ஜிமெயிலில் ஒழுங்காக இன்பாக்ஸுக்குப் போகிறது, வெப்மெயிலில் அனுப்பினால் ஸ்பாமுக்குப் போகிறது. ஒரே ஆள், ஒரே சர்வர், ஒரே முகவரி. ஜிமெயிலில் மூல மெயிலைத் திறந்து பார்த்தால், முதலாவதில் டிகிம் தேறியிருக்கும், இரண்டாவதில் டிகிம் கையொப்பமே இருக்காது. வெப்மெயில் பிஎச்பியின் பழைய வழியில் அனுப்பியிருக்கும். போஸ்ட்ஃபிக்ஸில் போர்ட் வழியாக வரும் மெயிலுக்கும், இயந்திரத்துக்குள் கட்டளை வழியாக வரும் மெயிலுக்கும் கையொப்ப நிரலைத் தனித்தனியே இணைக்க வேண்டும். முதலாவதை இணைத்தவர்கள் இரண்டாவதை மறந்திருப்பார்கள். இரண்டாவதையும் இணைத்தால் அறிகுறி மறைந்துவிடும். நான் வெப்மெயிலை 587 வழியாக உள்நுழைய வைக்கிறேன். கையொப்பமும் வரும், பயனர் பெயரும் லாகில் வரும், அட்டவணையும் வேலை செய்யும்.

வெப்மெயில் தனி இயந்திரத்தில் இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தவறான பாஸ்வேர்டுகளை எண்ணி, அந்த ஐபியைச் சிறிது நேரம் தடுத்துவைக்கும் ஃபெயில்டுபேன் பல சர்வர்களில் ஓடுகிறது. வெப்மெயிலில் யார் தவறாகத் தட்டினாலும் மெயில் சர்வருக்குத் தெரிவது வெப்மெயிலின் ஐபிதான். இரண்டு மூன்று பேர் காலையில் பாஸ்வேர்டைத் தவறாக அடித்தால் அலுவலகம் முழுவதும் வெப்மெயில் இல்லாமல் போகும், பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகும். கோளாறைத் தேடிப் போகும்போது அது இருக்காது. வெப்மெயிலின் ஐபிக்கு மெயில் சர்வரில் விலக்குக் கொடுத்து, தவறான முயற்சிகளை வெப்மெயிலின் சொந்த லாகிலிருந்து எண்ணச் செய்ய வேண்டும். அங்கே பயனரின் உண்மையான ஐபி இருக்கும்.

இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எங்கள் பகுதியில் ஆர்டர், அளவு, விலை, இன்வாய்ஸ், வங்கி விவரம் எல்லாம் மெயிலில்தான் போகின்றன. ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் போடுங்கள்’ என்று ஏற்றுமதியாளரின் பெயரில் பையருக்கு ஒரு பொய் மெயில் போனால், ஒரு கன்டெய்னர் சரக்கின் பணம் வேறு எங்கோ போய்விடும். அந்தப் பணத்தில்தான் தையல் இயந்திரங்களில் உட்கார்ந்திருப்பவர்களின் வாரச் சம்பளம் இருக்கிறது. இந்த மோசடி எல்லாவற்றையும் சர்வரால் தடுக்க முடியாது. ஓரெழுத்து மாற்றிப் பதிவு செய்த போலி டொமைனிலிருந்து வருவதை நம் டிமார்க் தடுக்காது. அதற்குப் போன் செய்து கேட்பதுதான் வழி. ஆனால் நம் சொந்த டொமைனின் பெயரில், நம் சொந்த சர்வரிலிருந்தே பொய் மெயில் போவதை பெருமளவு தடுக்க முடியும். முடியும் என்று தெரிந்த ஒன்றை, அவசரத்துக்காக ஒரு வரியை நீக்கித் திறந்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் நிறுவனத்துக்குச் சொந்த டொமைனில் மெயில் இருந்தால், பொறுப்பாளருக்குச் சொல்லிவிட்டு ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் பாஸ்வேர்டில் வெப்மெயிலுக்குள் நுழையுங்கள். ஐடென்டிட்டி பகுதியில் அவருடைய முகவரியை எழுதி, உங்களுக்கே ஒரு மெயில் அனுப்புங்கள். வெப்மெயில் முகவரியை மாற்ற விடவில்லை என்றால் போனில் உள்ள மெயில் செயலியில் அதையே செய்யுங்கள். சர்வர் 553 என்று மறுத்தால் உங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் நன்றாக வேலை செய்திருக்கிறார். மெயில் வந்து சேர்ந்தால், அந்த அட்டவணையை எழுதச் சொல்லி அன்றே கேளுங்கள். சிறு நிறுவனத்துக்கு அது அரைநாள் வேலைக்கு மேல் இல்லை.